ஏழு கம்பும் ஒரு முன்னிருக்கையும்

மீன்பிடிக்கப் போக எத்தனை தூண்டில் கம்பு வேண்டும் என்று லிஃப்ட் மெக்கானிக்கிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்கள் வேலை கெட்டது. அவர் இரும்புக் கயிற்றிலிருந்து ஆரம்பிப்பார்.

"ஒரு லிஃப்டைத் தூக்க ஒரு கயிறு போதும், தெரியுமா? ஒரே ஒரு கயிறு. ஆனா நாங்க எத்தனை போடறோம்? ஆறு! ஏன்? ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணும். அதுவும் போனா அதுக்கும் ஒண்ணு இருக்கணும்."

இதே கொள்கைதான் அவருடைய வாழ்க்கை முழுக்க. ஐம்பத்தாறு வயது, எண்பத்தோரு கிலோ, எத்தனை சோப்புப் போட்டாலும் விரலைவிட்டுப் போகாத கிரீஸ். இருபத்தெட்டு வருடமாக நின்றுபோன லிஃப்டுகளை நகரவைப்பது தொழில். வேலைப்பையைத் திறந்தால் எல்லாமே இரட்டைப் பிள்ளைகள்: இரண்டு டெஸ்டர், இரண்டு டார்ச், இரண்டு மூக்குக்கண்ணாடி. ஒரு கண்ணாடி உடைந்ததாகச் சரித்திரமே இல்லை. இருந்தும் இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகும்போது ஏழு கம்பு. முதல் கம்பு மிதவை போட. இரண்டாவது ஈயக்குண்டு கட்டி அடியில் போட. மூன்றாவது தண்ணீருக்கு மேலே பொய்மீனைத் துள்ளவிட. நான்காவது அதே பொய்மீனை ஆழத்தில் இழுக்க. ஐந்தாவது பெரிய மீன் ஏதாவது தப்பித்தவறி வந்துவிட்டால். ஆறாவது, இந்த ஐந்தில் ஒன்று முறிந்தால். ஏழாவது எதற்கு என்று கேட்டால் மோவாயைச் சொறிந்துகொண்டு, "இருக்கட்டுமே, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கப்போகுது" என்பார்.

இந்த ஏழும் சேர்ந்து ஒரு நாளில் பிடித்த மீன் அதிகபட்சம் மூன்று. அதில் ஒன்று உள்ளங்கை அளவு.

ஏரிக்கு வருகிறவர்களில் ஒரு முடிதிருத்துபவர் உண்டு. மெக்கானிக்கைப் போலவே அவரும் கயாக் என்கிற ஒல்லியான துடுப்புப் படகில்தான் போவார். ஆனால் ஒரே ஒரு கம்பு. அதனாலேயே அவருக்கு 'ஒத்தக்கம்பு' என்று பெயர் வந்துவிட்டது. நாள் தவறாமல் ஐந்தாறு மீனோடு கரையேறுவார். ஏறும்போது வாயைச் சும்மா வைத்துக்கொள்ளவும் மாட்டார்.

"ஏழுல எந்தக் கம்புக்குப் போறதுன்னு மீனுக்கே குழப்பமாயிடுதுங்க. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டு, எதுக்கு வம்புன்னு என்கிட்ட வந்துடுது."

மெக்கானிக் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. அவருடைய மனைவி சொல்வதைக் கேட்டாலும் அசர மாட்டார். அவள் அந்தக் கம்புகளுக்கு வைத்திருந்த பெயர் 'சக்களத்திகள்'. "ஏழு சக்களத்தியையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பியாச்சா?" என்பாள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்கு வீட்டின் முன்னறையிலேயே கடை. புதுத்துணி தைப்பதில்லை, தைத்ததைச் சரிசெய்வதுதான் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு பருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவாள். ஒரு சட்டையை அவள் கை வைத்தபின் பார்த்தால் முதலிலேயே அந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். தெருவில் அவளை டெய்லரம்மா என்பார்கள், அவரை டெய்லரம்மா வீட்டுக்காரர் என்பார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சக்களத்தி என்று அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய பச்சைக் கயாக் இரண்டு பேர் உட்காரக்கூடியது. ஒன்பது வருடத்துக்கு முன் வாங்கியபோது அவரே சொன்னார், முன்னிருக்கை உனக்கு, பின்னிருக்கை எனக்கு என்று. மூன்று ஞாயிறு அவளும் போனாள். நான்காவது ஞாயிறு அவளுக்கு ஏதோ அவசரத் தையல் வந்தது. காலியாகக் கிடந்த முன்னிருக்கையில், இன்னைக்கு மட்டும்தானே என்று ஒரு கம்பைச் சாய்த்துவைத்தார். அடுத்த வாரம் இரண்டு. அப்புறம் தூண்டில் பெட்டி. அப்புறம் மீன் வைக்கும் ஐஸ் பெட்டி. கடைசியில் அந்த இருக்கையையே கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, நடுவில் தனக்கு ஒரு இருக்கை போட்டுக்கொண்டார். அவள் ஒரு முறை, "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். "அடுத்த வாரம் இடம் பண்ணிடறேன்" என்றார். அந்த அடுத்த வாரம் எட்டு வருடமாக வரவில்லை. மனுஷன் கெட்டவர் இல்லை. கம்புகளைப் பார்த்தால் மற்றது மறந்துவிடும், அவ்வளவுதான்.

போன வருடம் எல்லாம் புரண்டுபோயிற்று. அவளுக்குத் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒரு கட்டி. எட்டு மாதம் மருத்துவமனையே கதி. கயாக்கின்மேல் தூசி படிந்தது. கம்புகள் எங்கே இருக்கின்றன என்றுகூட அவர் பார்க்கவில்லை. கட்டி போய்விட்டது, இனிமேல் சாப்பிட்டுத் தேற வேண்டியதுதான் பாக்கி என்று டாக்டர் சொன்ன நாளில், நான்காவது மாடியிலிருந்து இறங்கும் லிஃப்டில், பதினோரு பேருக்கு நடுவில், மெக்கானிக் வாய்விட்டு அழுதார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே வந்து கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. அவர் அழுது முடிக்கட்டும் என்று பதினோரு பேரும் நின்றார்கள். கதவு தானாக மூடப் பார்த்தபோது ஒருவர் கையை வைத்துத் தடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் மாதாமாதம் பரிசோதனைக்கு அவள் தனியாகத்தான் போய்வந்தாள். "ஊரெல்லாம் லிஃப்டு நின்னுபோய்க் கிடக்குது. நீங்க வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவாள். சாயங்காலம் வந்து, "எடை ஏறுதா?" என்று கேட்பார். "ஏறுது, ஏறுது. இன்னும் கொஞ்ச நாள்ல கதவை இடிச்சுத்தான் பெருசாக்கணும்" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே கைகழுவப் போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை மாலை அவள் சொன்னாள்:

"நாளைக்கு ஏரிக்கு நானும் வரேன்."

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பரணில் ஏறினார். முன்னிருக்கையை இறக்கித் துடைத்தார். பிறகு பின்னறையில் ஏழு கம்பையும் தரையில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில்கூட இத்தனை யோசனை நடந்திருக்காது.

ஏழாவதை முதலில் எடுத்துச் சுவரோரம் வைத்தார். அதில் சிரமம் இல்லை. ஆறாவதை எடுக்கும்போது கொஞ்சம் வலித்தது. ஐந்தாவது பெரிய மீன் கம்பு. ஒன்பது வருடத்தில் அந்தப் பெரிய மீன் வரவில்லை, நாளைக்கு மட்டும் என்ன வந்து கிழிக்கப்போகிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அதையும் வைத்தார். நான்கு மிச்சம். நான்கை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால் கம்பை அந்தப் பக்கம் வீச முடியாது. முள் அவள் தலையில் மாட்டும். ஆகவே நீளமான இரண்டும் போயிற்று. மிதவைக் கம்பு ஒன்று அவளுக்கு, ஈயக்கம்பு ஒன்று தனக்கு. இரண்டு. தன் வாழ்நாளிலேயே மாற்று இல்லாமல் ஒரு இடத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை.

அடுத்து எடை. கயாக் தாங்குவது இருநூற்றுப் பதினைந்து கிலோ. அது பிரச்சினையில்லை, முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு தாளை எடுத்து எழுதினார். பின்னால் தான், எண்பத்தொன்று. முன்னால் அவள். அங்கே பேனா நின்றது. போய்க் கேட்கலாம். ஆனால் முப்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு, மனைவியிடம் எடையைக் கேட்கக் கூடாது என்கிற அளவுக்காவது விவரம் இருக்காதா? லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆறு பேர், நானூற்றெட்டு கிலோ என்று போட்டிருக்கும். வகுத்தால் ஆளுக்கு அறுபத்தெட்டு. அவள் நோய்க்கு முன்னால் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தாள். ஏறுது ஏறுது என்று வேறு சொல்கிறாள். அறுபத்தெட்டு என்று எழுதினார். முன்னிருக்கை மூக்கின் ஓரம், தன் இருக்கை நடுவுக்குக் கிட்டே; ஆகவே ஐஸ் பெட்டியும் நங்கூரமும் தனக்குப் பின்னால் போகட்டும். கணக்கு முடிந்தது.

அவளிடம் சொல்லப் போனபோது அவள் மெஷினில் ஏதோ நீலத்துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை சக்களத்தி வராங்க நாளைக்கு?"

"ரெண்டு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஊசிக்கு மேலே எரிகிற விளக்கைப் பார்த்துப் பார்த்துக் கலங்கியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆம்பிளை புத்தி.

காலையில் ஏரிக்கரையில் காற்று லேசாக இருந்தது. ஒத்தக்கம்பு அப்போதுதான் தன் கயாக்கை இறக்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கையில் இரண்டே கம்பைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். அவர் பின்னால் டெய்லரம்மா வருவதைப் பார்த்ததும் பிளந்த வாயை மூடிக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க" என்றார். அன்றைக்கு மீன் பற்றிய கிண்டல் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் முழுக்கைச் சட்டையும் நீலப் பேன்ட்டும் போட்டிருந்தாள். இரண்டும் கச்சிதமாக இருந்தன. லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். "நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க, நான் மாட்டிக்கிறேன்" என்றாள். திரும்பினார்.

கயாக்கை முழங்கால் ஆழத்தில் பிடித்துக்கொண்டார். ஆள் உட்காரும்போது ஒரு குலுக்கு குலுக்கும், அதற்காகக் கையை இறுக்கினார். அவள் உட்கார்ந்தாள். குலுக்கவில்லை. நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பின்னால் ஏறித் துடுப்பைப் போட்டார்.

இருபது முப்பது தள்ளு தள்ளியிருப்பார். கயாக் நேராகப் போகவில்லை. மூக்கு தண்ணீரைவிட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. லேசான காற்றே அதைப் பிடித்து இடப்பக்கம் திருப்பியது. இவர் வலப்பக்கம் திருப்பினார். மறுபடி இடப்பக்கம். பின்னால் தண்ணீர் விளிம்புவரை வந்து அவர் இடுப்பை நனைத்தது.

மெக்கானிக் உடனே மெக்கானிக் ஆனார். பின்பக்கம் ஓட்டையா? அடைப்பானைத் தடவிப்பார்த்தார், இறுக்கமாக இருந்தது. உள்ளே தண்ணீரா? தட்டிப்பார்த்தார், வெறும் சத்தம்தான் கேட்டது. ஐஸ் பெட்டி நகர்ந்துவிட்டதா? வைத்த இடத்தில் இருந்தது. மனதுக்குள் கணக்கை இரண்டு முறை கூட்டினார், சரியாக வந்தது. அப்படியென்றால் எழுதியதில் ஏதோ ஒரு எண் பொய்.

அப்போதுதான் முன்னால் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார்.

லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகள் எல்லாம் கடைசிவரை இழுத்து முடிச்சுப் போடப்பட்டிருந்தன. அது போதாமல், இரண்டு தோளிலும் துணியை மடித்து, ராத்திரி அவருக்குத் தெரியாமல் பச்சை நூலால் பிடித்துத் தைத்திருந்தாள். லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்த ஒரே டெய்லர் இந்த உலகத்தில் அவளாகத்தான் இருக்க வேண்டும். அந்த மடிப்புக்கு மேலே சட்டைக் காலர். காலருக்கு மேலே பிடரி எலும்பு, முடிச்சு முடிச்சாக.

தினம் பார்க்கிற முகம். மாதாமாதம் அவள் உடம்பு குறையக் குறைய, மாதாமாதம் தன் துணிகளையும் அவள் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு சட்டையும் தொளதொளவென்று தொங்கவில்லை. இரும்புக் கயிறு அரை மில்லிமீட்டர் மெலிந்தால் அளவுகோல் வைத்துக் கண்டுபிடித்து லிஃப்டையே நிறுத்திவிடுகிற மனுஷன், வீட்டில் கோட்டை விட்டுவிட்டார்.

"நீ எவ்வளவு இருக்க?"

அவள் திரும்பவில்லை. "நீங்க எவ்வளவுன்னு போட்டீங்க?"

"அறுபத்தெட்டு."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். "அந்தத் தகட்டுக் கணக்கா? நான் என்ன உங்க லிஃப்டுல ஏறுற ஆளா?"

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"நாப்பத்தி நாலு."

அவர் துடுப்பை நிறுத்திவிட்டார். கயாக் தன் பாட்டுக்கு மெதுவாகச் சுற்றியது. கரை வந்தது, போயிற்று, எதிர்க்கரை வந்தது.

"விழுங்க முடியலைங்க" என்றாள். "மூணு மாசமா. முதல்ல ரொட்டி இறங்கல. அப்புறம் நல்லா மசிச்சதுகூட இறங்கல. இப்போ தண்ணிகூடச் சொட்டுச் சொட்டாத்தான். நீங்க சாப்பிட்டு எழுந்ததும் என் தட்டைக் குப்பையில கொட்டிடுவேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போனாத்தானே சொல்லுவாரு. ரெண்டு மாசமா போகல. போறேன்னு கிளம்பி, கடைத்தெருவுக்குப் போய் நூல் வாங்கிட்டு வந்துடுவேன்."

மெக்கானிக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் வராத கோபம். துடுப்பால் தண்ணீரில் ஓங்கி ஒரு அடி அடித்தார். இரண்டு பேருமே நனைந்தார்கள்.

"என்னடி நினைச்சுக்கிட்டிருக்க மனசுல? என்னை என்ன குத்துக்கல்லுன்னு நினைச்சியா? வீட்டுல ஒரு ஆள் இருக்கேனா இல்லையா?"

"மறுபடியும் வந்துடுச்சுன்னு சொல்லிட்டா?" இப்போது அவள் குரல் உடைந்தது. "அன்னைக்கு லிஃப்டுல அழுதீங்களே. அது சந்தோஷத்துல அழுதது. அதையே என்னால தாங்க முடியல. இன்னொரு வாட்டி வேற மாதிரி அழுறதைப் பார்க்கணுமா நான்? முடியலைங்க. அதான் நாளை நாளைன்னு தள்ளிட்டேன்."

அவருடைய கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கண்ணாடிக்கு ஒண்ணு கூட வச்சிருக்கேன். டார்ச்சுக்கு வச்சிருக்கேன். ஒண்ணுக்கும் உதவாத கம்பு, அதுக்குக்கூட ஆறு வச்சிருக்கேன். உனக்குப் பதிலா நான் யாரை வச்சிருக்கேன், சொல்லு?"

அவள் கையைப் பின்னால் நீட்டினாள். லைஃப் ஜாக்கெட் தடுத்தது. முழுசாக நீட்ட முடியவில்லை. அவர் எட்டி, விரல் நுனிகளைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் எட்டியது.

"சொல்லத்தாங்க வந்தேன்" என்றாள். "கரையில சொன்னா நீங்க செருப்பைக்கூட மாட்டாம எங்கேயாவது ஓடுவீங்க, எதையாவது ரிப்பேர் பண்ண. நடு ஏரியில சொன்னா ஓட முடியாதுல்ல. ஆனா நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இந்தப் படகு சொல்லிடுச்சு."

மெக்கானிக் உடனே கயாக்கைக் கரைப்பக்கம் திருப்பினார்.

"எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. டாக்டர் நாளைக்குத்தான் வருவாரு. முதல் ஆளாப் போய் நிப்போம், ரெண்டு பேரும். சத்தியமா வரேன். ஆனா இப்போ நான் இறங்க மாட்டேன். எட்டு வருஷம் கழிச்சு எனக்கு இந்த இடம் கிடைச்சிருக்கு."

ஒற்றைக்காலில் நின்றாள். உட்கார்ந்தபடியேதான், ஆனாலும் நின்றாள்.

"சரி" என்றார் அவர். "இறங்க வேண்டாம். ஆனா முன்னால இருபத்தி நாலு கிலோ பத்தல. அதைச் சரிபண்ணாம நான் துடுப்புப் போட மாட்டேன்."

கரையோரம் கொண்டுவந்து மணலில் முட்டினார். அவளை உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் குதித்து, படகுத்துறைக் குப்பைத் தொட்டியில் கைவிட்டுக் காலி பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒரு லிட்டர் பாட்டில்கள் மட்டும். ஒத்தக்கம்பு தன் கயாக்கை ஓரங்கட்டிவிட்டு வந்தார்.

"என்னங்க இது, புதுத் தொழிலா?"

"முன்னால எடை பத்தல. இருபத்தி நாலு லிட்டர் வேணும்."

முடிதிருத்துபவர் கயாக்கைப் பார்த்தார். அவளுடைய பிடரியைப் பார்த்தார். பிடரி பார்ப்பதே அவர் தொழில். தானும் தொட்டிக்குள் கைவிட்டு பாட்டில் பொறுக்கினார், குழாயடியில் அலசினார், நிரப்பினார், மூடியை இறுக்கினார். பதினெட்டுதான் கிடைத்தது. தன் ஐஸ் பெட்டியைத் திறந்து குடிதண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துக்கொடுத்தார். மீதி நான்குக்கு, மெக்கானிக் தன் நங்கூரத்தைப் பின்னாலிருந்து முன்னால் மாற்றினார்.

அவள் காலைச் சுற்றி இரண்டு பக்கமும் பாட்டில்களை அடுக்கினார்கள். "என்னைச் சரக்கு ஏத்துற மாதிரி ஏத்துறீங்களே" என்றாள். கயாக்கின் மூக்கு மெல்ல இறங்கித் தண்ணீரைத் தொட்டது. பிறகு நேராகப் போயிற்று. அன்றைக்கு இரண்டு கம்பிலும் ஒரு மீனும் மாட்டவில்லை. அவள் மிதவையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எட்டு மணிக்கே மருத்துவமனையில் இருந்தார்கள். குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தபோது மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டி திரும்ப வரவில்லை. சிகிச்சை கொடுத்த இடத்தில் தழும்பு இறுகி, உணவுக்குழாய் ஒரு பேனா ரீஃபில் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பலூன் போன்ற ஒன்றை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கலாம், நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும் என்றார். "முன்னாலேயே வந்திருக்கலாமே. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா தண்ணிகூட உள்ள போயிருக்காது" என்று திட்டினார். அந்தத் திட்டு மெக்கானிக்கின் காதில் தேனாகப் பாய்ந்தது. கீழே இறங்கும்போது லிஃப்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டுமே. இந்தமுறை அழுதது அவள்.

வீட்டில் எடைபார்க்கும் மெஷின் ஒன்று வந்தது. (இரண்டு வாங்கினார். ஒன்று கெட்டுப்போனால்?) சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஏறி நிற்பாள். அவர் குனிந்து பார்ப்பார். ஒரு கிலோ ஏறியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் குறைவு. சில வாரம் குறையவில்லை. ஒரு வாரம் ஒன்று கூட்டவேண்டி வந்தது. ஆனாலும் ஐந்து மாதத்தில் இருபத்து நான்கு பதினான்காகிவிட்டது. குப்பைத்தொட்டி பாட்டில்கள் போய், வீட்டில் கழுவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றிய பாட்டில்கள் வந்தன. எடைக்கு எடையும் ஆச்சு, தாகத்துக்குத் தண்ணியும் ஆச்சு என்று அவர் கணக்கு. அவள் தன் துணிகளை எடுத்து, பிடித்த தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். லைஃப் ஜாக்கெட்டின் பச்சைத் தையலை மட்டும் அவர் தானே பிரித்தார். தையல்காரி வீட்டில் பிளேடு எங்கே இருக்கும் என்று தேடியே ஒரு மணி நேரம் ஆயிற்று.

கம்பு இரண்டுதான். மற்ற ஐந்தும் பின்னறைச் சுவரில் தொங்கின. ஒத்தக்கம்பு அவ்வப்போது, "அதுல ஒண்ணை எனக்குக் குடுங்களேன், என் கம்புக்கு ஒரு ஸ்பேரா இருக்கட்டும்" என்று கேட்டுப்பார்த்தார். கொடுப்பாரா? மாட்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் கொஞ்சம் அதிகம். ஏரியின் நடுவில் நின்றிருந்தார்கள். மெக்கானிக் தன் கம்பை மடியில் சாய்த்துக்கொண்டிருந்தார். முன்னால் அவள் குனிந்து, காலடியிலிருந்த ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"ஏங்க, இதைக் குடிச்சா உங்க எடைக் கணக்கு தப்பாயிடுமா?"

"எப்படித் தப்பாகும்? பாட்டில்ல இருந்தாலும் அதே எடைதான், உன் வயித்துல இருந்தாலும் அதே எடைதான்."

அவள் தலையை நிமிர்த்திப் பாட்டிலை வாயில் கவிழ்த்தாள். மடக். அவர் காதைத் தீட்டிக்கொண்டார். மடக், மடக். நிற்கவில்லை. இடையில் இருமல் வரவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் இறங்குகிற சத்தம் பின்னிருக்கைவரை கேட்டது. மடக், மடக், மடக். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஒன்பது, பத்து.

சர்ரென்று மடியில் ஏதோ உரசியது. அவர் கவனிக்கவில்லை. பதினொன்று. கம்பின் அடிப்பாகம் அவர் முழங்காலைத் தட்டிவிட்டு விளிம்பைத் தாண்டித் துள்ளியது. பன்னிரண்டு.

சத்தம் கேட்டு அவள் பாட்டிலை இறக்கித் திரும்பினாள்.

"ஐயோ, கம்பு! உங்க கம்பை மீன் இழுத்துக்கிட்டுப் போகுதுங்க! பெரிய மீனு! புடிங்க!"

ஒன்பது வருடமாக அவர் எதிர்பார்த்திருந்த மீன்தான் அது. கம்பு தண்ணீருக்குமேல் கோடு போட்டுக்கொண்டு போயிற்று, ரீல் ஒரு முறை பளிச்சென்று மின்னியது, உள்ளே போய்விட்டது. மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.

"கம்புதானே, வீட்டுல அஞ்சு இருக்கு" என்றார். "நீ குடி."